ஸ்ட்ரிப் ஆன பைனரி: பேக்கேஜ் போட்டபின் பேக்ட்ரேஸ் பூராம் ??, எங்கிட்டுத் தேடுறது?

வைகைக்கரை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைகள்ல எலெக்ட்ரானிக் தராசுல இருந்து சீரியல் போர்ட் வழியா எடையை வாசிச்சு பில் அடிக்கிற ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரலுக்கு டெப் (டெபியன்) பேக்கேஜ் போடுறோம். இங்க பேசுறதுக்கு நிரல் பேரை 'எடைவாசி'ன்னு வெச்சுக்கலாம். மெயின் நிரல் சி. தராசு மாடலுக்கு ஒரு பிளகின், ஓடும்போது டிஎல்ஓப்பன் மூலமா ஏறும். மாசக் கணக்கு எடுக்குற கருவி ஓகாமல் மொழியில எழுதுனது, அது ஆபீஸ் பிசியில மட்டும். பில்ட் நடக்குறது ஏஎம்டி64, டெபியன் 12. கடையில ஓடுறது ராஸ்பெரி பை, ஏஆர்எம்64, கிராஸ் பில்ட் (ஏஎம்டி64 மெஷின்லயே அதுக்கும் கட்டுறது).

சிக்கல் மூணு:

1. ஏஎம்டி64-ல பில்ட் சுத்தமா முடியுது, லிண்டியன் (பேக்கேஜ்ல குறை இருந்தா சொல்ற கருவி) வாயே திறக்கலை. ஆனா டீபக் தகவல் இருக்குற டிபிஜிசிம் பேக்கேஜ் வரவே இல்லை. கிராஷ் ஆனா ஜிடிபி டீபக்கர்ல ஃபங்ஷன் பேர் வரவேண்டிய ஃப்ரேம் பூராம் ??.

2. ஏஆர்எம்64 பில்ட் இன்ஸ்டால் கட்டத்துல நிக்குது. "ஸ்ட்ரிப்: அனேபிள் டு ரெகக்னைஸ் த ஃபார்மட் ஆஃப் த இன்புட் ஃபைல்", அடுத்த வரி "இன்ஸ்டால்: ஸ்ட்ரிப் ப்ராசஸ் டெர்மினேட்டட் அப்நார்மலி".

3. கணக்குக் கருவி சோர்ஸ் மரத்துல நல்லா ஓடுது. பேக்கேஜ்ல இருந்து ஓட்டுனா "நோ பைட்கோடு ஃபைல் ஸ்பெசிஃபைடு".

மூணுக்கும் ஒரே காரணமா, வேற வேறயா?

திருமங்கலம்டெப்

முதல் ரெண்டும் ஒரே காரணம். மூணாவது வேற, அதை ஓகாமல் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

டெபியன்ல ஸ்ட்ரிப் பண்ற (பைனரியில இருந்து சிம்பல், டீபக் தகவலை உரிச்சு எடுக்குற) வேலை டிஎச்_ஸ்ட்ரிப்போடது மட்டும். அது பைனரியில இருந்து டீபக் தகவலைப் பிரிச்சு டிபிஜிசிம் பேக்கேஜ்ல வெச்சுட்டு, அப்புறம்தான் பைனரியை ஸ்ட்ரிப் பண்ணும். கோப்பு ஏற்கெனவே ஸ்ட்ரிப் ஆகியிருந்தா பிரிக்க ஒண்ணும் இல்லை, பேசாம தாண்டிப் போயிரும். லிண்டியன் ஸ்ட்ரிப் ஆகாத பைனரியைப் பாத்தாத்தான் கத்தும். உங்களுது ஸ்ட்ரிப் ஆகித்தான் இருக்கு, அதான் அமைதி. ஆக, டிஎச்_ஸ்ட்ரிப்புக்கு முன்னாடியே எவனோ கை வெச்சிருக்கான்.

ஆளைப் பிடிக்க 'ஃபைல்' கட்டளையை மூணு இடத்துல போடுங்க: பில்ட் மரத்துல உள்ள பைனரி, டிஎச்_ஆட்டோ_இன்ஸ்டால் முடிஞ்சதும் டெபியன் அடைவுக்குள்ள விழுந்த பைனரி, டெப்பைப் பிரிச்சு எடுத்த பைனரி. வரியோட கடைசியில பாருங்க. "வித் டீபக்_இன்ஃபோ, நாட் ஸ்ட்ரிப்டு"ன்னா எல்லாம் இருக்கு. வெறும் "நாட் ஸ்ட்ரிப்டு"ன்னா சிம்பல் டேபிள் இருக்கு, ஆனா கம்பைல் பண்ணும்போதே -ஜி (டீபக் தகவல் சேக்குற விருப்பு) இல்லை. "ஸ்ட்ரிப்டு"ன்னா போச்சு.

பில்ட் மரத்துலேயே ஸ்ட்ரிப்டுன்னா லிங்கர் செஞ்ச வேலை. மேக்ஃபைல்ல எல்டிஃபிளாக்ஸ் வரியில -எஸ் இருக்கும். இன்ஸ்டாலுக்கு அப்புறம்தான் ஸ்ட்ரிப்டுன்னா "இன்ஸ்டால் -எஸ்", இல்லை "மேக் இன்ஸ்டால்-ஸ்ட்ரிப்". பில்ட் கருவி மெசான்-னா ஸ்ட்ரிப் விருப்பு ட்ரூன்னு இருக்கான்னு பாருங்க. சிமேக்ல "இன்ஸ்டால்/ஸ்ட்ரிப்" டார்கெட்.

ரெண்டாவது சிக்கலைப் பாத்தா எனக்கு 'இன்ஸ்டால் -எஸ்' மேலதான் சந்தேகம். அது பில்ட் மெஷினோட ஸ்ட்ரிப்பைக் கூப்பிடும். ஏஎம்டி64 ஸ்ட்ரிப்புக்கு ஏஆர்எம்64 கோப்பு புரியாது. டிஎச்_ஸ்ட்ரிப்பா இருந்தா ஏஆர்ச்64 முன்னொட்டு உள்ள ஸ்ட்ரிப்பைத் தானே எடுத்துக்கும், இந்தப் பிழையே வராது.

வைகைக்கரை

பில்ட் மரம்: நாட் ஸ்ட்ரிப்டு. டெபியன் அடைவு: ஸ்ட்ரிப்டு. மேக்ஃபைல்ல "இன்ஸ்டால் -எஸ் -எம் 755 எடைவாசி" அப்படின்னே ஒரு வரி. நீங்க சொன்ன ஆள்தான்.

ஆனா சாதா மேக்ஃபைல்னா டெப்ஹெல்ப்பரே (டிஎச்_ கருவிகளோட தொகுப்பு) இன்ஸ்டாலுக்கு --ஸ்ட்ரிப்-ப்ரோகிராம்=ட்ரூ (ஸ்ட்ரிப்புக்குப் பதிலா ஒண்ணும் செய்யாத ட்ரூ கட்டளை) சேத்து அனுப்பும்னு அதோட மேன் பக்கத்துல இருக்கே? அது ஏன் காப்பாத்தலை?

திருமங்கலம்டெப்

அது அனுப்புறது 'இன்ஸ்டால்'ங்கிற மேக் மாறியை. உங்க மேக்ஃபைல் மாறியைப் பயன்படுத்தாம கட்டளையை நேராவே எழுதியிருக்கு. மாறிக்கு என்ன மதிப்பு குடுத்தாலும் அந்த வரிக்குப் போய்ச் சேராது. டாலர் போட்டு மாறியா மாத்துங்க, -எஸ்-ஐ எடுத்துருங்க. குவில்ட் பேட்ச் ஒரு வரிதான். அதை அப்ஸ்ட்ரீமுக்கும் (நிரலை எழுதுறவங்க) அனுப்புங்க, மத்த டிஸ்ட்ரோகாரங்களுக்கும் இதே தலைவலி.

அப்புறம், நீங்க எழுதுனதுல ஒண்ணு உறுத்துது. பில்ட் மரத்துல "நாட் ஸ்ட்ரிப்டு"ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. "வித் டீபக்_இன்ஃபோ" வந்துச்சா இல்லையா?

வைகைக்கரை

இல்லை. வெறும் நாட் ஸ்ட்ரிப்டுதான். பேட்ச் போட்டபின் டிபிஜிசிம் பேக்கேஜ் வருது, ஆனா சில கேபிதான். பில்ட் பதிவுல டீபக் தகவலைச் சுருக்குற டிடபிள்யூஇசட் ".டீபக்_இன்ஃபோ செக்ஷன் நாட் ப்ரசென்ட்"னு சொல்லுது. ஜிடிபி-ல ஃபங்ஷன் பேர் வருது, வரி எண் இல்லை.

திருமங்கலம்டெப்

நினைச்சேன். மேக்ஃபைல் தலையில "சிஃபிளாக்ஸ் = -ஓ2"ன்னு இருக்கும். டெபியன் குடுக்குற -ஜி -ஓ2 சூழல் மாறியாத்தான் போகுது. மேக்ஃபைலுக்குள்ள = போட்டு எழுதுனா சூழல் மாறி தோத்துரும். கட்டளை வரியில குடுத்தா மட்டும் மேக்ஃபைலை ஜெயிக்கும். டெபியன்/ரூல்ஸ் கோப்புல:

    ஓவர்ரைடு_டிஎச்_ஆட்டோ_பில்ட்:
        டிஎச்_ஆட்டோ_பில்ட் -- சிஃபிளாக்ஸ்="$(சிஃபிளாக்ஸ்)"

இந்த மாறிக்கு மதிப்பு வர ரூல்ஸ் தலையில பில்ட்ஃபிளாக்ஸ்.எம்கே-ஐ இன்க்ளூட் பண்ணணும். விட்டீங்கன்னா காலி மதிப்பு போயி -ஓ2-வும் சேந்து காணாமப் போயிரும். அப்ஸ்ட்ரீம் தன் சிஃபிளாக்ஸ்ல '-ஐ' விருப்புல ஹெடர் அடைவு ஏதும் சொருகியிருந்தா அதுவும் அடிபடும், கவனம். அப்படி இருந்தா = இருக்குற இடத்துல += போட்டுப் பேட்ச் பண்றதுதான் சுத்தம்.

ஒத்தக்கடை

நடுவுல வர்றேன். இவ்வளவு பாடு எதுக்கு? டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ்=நோஸ்ட்ரிப்னு போட்டு ஸ்ட்ரிப் பண்ணாமலேயே அனுப்பலாமே. எஸ்டி கார்டு 32 ஜிபி. ஸ்ட்ரிப் பண்ணா மெமரி மிச்சம்னு சிலர் சொல்றதும் தப்பு. சிம்பல் டேபிளும் டீபக் செக்ஷனும் மெமரிக்கு ஏறவே ஏறாது.

திருமங்கலம்டெப்

மெமரி விஷயம் நீங்க சொல்றது சரி. ஆனா அப்டேட் இறங்குறது கடைக்காரரோட மொபைல் டேட்டாவுல. டீபக் தகவலோட சி நிரல் பல மடங்கு பெருத்துரும். டெபியன் பாலிசியும் -ஜி போட்டுக் கம்பைல் பண்ணி, அப்புறம் ஸ்ட்ரிப் பண்ணச் சொல்லுது. நோஸ்ட்ரிப் உள்ளூர்ல சோதிக்கிறதுக்கான வசதி. இன்னொண்ணு, மேக்ஃபைல்ல உள்ள 'இன்ஸ்டால் -எஸ்' அந்த மாறியைச் சட்டையே பண்ணாது. பேட்ச் எப்படியும் வேணும்.

ஒத்தக்கடை

சரி, ஒத்துக்கிறேன். ஆனா சோதனைக்கு நோஸ்ட்ரிப் நல்ல கருவி. நோஸ்ட்ரிப் போட்டும் கோப்பு ஸ்ட்ரிப்டுன்னு வந்தா அப்ஸ்ட்ரீம்தான் குற்றவாளின்னு உடனே தெரிஞ்சிரும்.

பைபாஸ்ரோடு_பைட்கோடு

மூணாவது சிக்கலுக்கு வர்றேன். கணக்குக் கருவியை ஓகாமல்சி -கஸ்டம் போட்டுக் கட்டியிருக்காங்க, சரியா? அப்படின்னா கோப்போட முன்பாதி ஓகாமல் ரன்டைம், அது ஒரு ஈஎல்எஃப் (லினக்ஸ் பைனரி வடிவக் கோப்பு). பின்னாடி வாலா ஒட்டியிருக்குறது பைட்கோடு. ரன்டைம் ஓட ஆரம்பிச்சதும் தன் கோப்போட கடைசியைத் திறந்து பைட்கோட்டைத் தேடும். ஸ்ட்ரிப் என்ன செய்யும்? ஈஎல்எஃப் ஹெடர்ல எழுதியிருக்குற செக்ஷன்களை மட்டும் படிச்சுப் புதுக் கோப்பு எழுதும். வால் எந்தச் செக்ஷன்லயும் இல்லை, அதனால வெட்டிரும். மிச்சம் நிக்கிறது வெறும் ரன்டைம். அதுதான் அந்தப் பிழைச் செய்தி.

வால் இருக்கான்னு கணக்குப் போட்டே பாக்கலாம். "ரீட்எல்ஃப் --ஃபைல்-ஹெடர்" போடுங்க. (ஒத்தை எழுத்து விருப்புல குழம்பாம இருக்க நீளமான விருப்பையே எழுதுறேன்.) செக்ஷன் ஹெடர் தொடங்குற இடம், எத்தனை ஹெடர், ஒண்ணோட அளவு, மூணையும் எடுங்க. 64 பிட்ல ஒரு ஹெடர் 64 பைட். உதாரணமா தொடக்கம் 14016, ஹெடர் 31-ன்னா, 31 × 64 = 1984, ரெண்டும் கூட்டி 16000. வழக்கமான லிங்கர் இந்த ஹெடர் பட்டியலைக் கோப்போட கடைசியிலதான் வெக்கும். ஸ்டேட்ல கோப்பு அளவும் 16000-ன்னா வால் இல்லை. கோப்பு 9 லட்சம் பைட்டுன்னா 16000-க்கு அப்புறம் உள்ளது பூராம் வால். ஸ்ட்ரிப்பைக் கிட்டவே விடாதீங்க.

வழி மூணு இருக்கு. விலக்குறது:

    ஓவர்ரைடு_டிஎச்_ஸ்ட்ரிப்:
        டிஎச்_ஸ்ட்ரிப் --எக்ஸ்க்ளூட்=கணக்கு

--எக்ஸ்க்ளூட் பாதையில அந்தச் சொல் எங்க வந்தாலும் விலக்கும். 'எடை'ன்னு எதையாவது குடுத்துட்டு மெயின் பைனரியையும் சேத்து விலக்கிராதீங்க. லிண்டியன் ஸ்ட்ரிப் ஆகலைன்னு கத்தும், காரணம் எழுதி ஓவர்ரைடு போடணும்.

ரெண்டாவது, ஓகாமல் 4.10-ல இருந்து -அவுட்புட்-கம்ப்ளீட்-எக்ஸி இருக்கு. பைட்கோட்டைச் சி தரவா மாத்தி ஈஎல்எஃப்க்கு உள்ளேயே வெச்சிரும். ஸ்ட்ரிப் பண்ணலாம். மூணாவது, ஓகாமல்ஆப்ட் போட்டு நேட்டிவ்வாவே கட்டுறது. உங்களுக்கு ஏஎம்டி64 மட்டும்தானே, நான் இதைத்தான் எடுப்பேன்.

இதே வால் கதை எஸ்பிசிஎல் லிஸ்ப்ல சேமிச்ச எக்ஸிக்யூட்டபிளுக்கும் (ஸ்ட்ரிப் பண்ணா கோர் கோப்பைக் காணோம்னு சொல்லும்), ஆப்இமேஜுக்கும் (வால்ல இருக்குறது ஸ்குவாஷ்எஃப்எஸ்), கெர்னல் மாட்யூல் கையெழுத்துக்கும் உண்டு. மாட்யூலுக்கு இன்னொரு எச்சரிக்கை: அது ரீலொக்கேட் ஆகுற கோப்பு, முழு ஸ்ட்ரிப் பண்ணா சிம்பல் போயி லோடே ஆகாது. --ஸ்ட்ரிப்-டீபக் மட்டும், அதுவும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி.

வைகைக்கரை

ஓகாமல்ஆப்ட்டுக்கு மாத்தியாச்சு, ஓடுது. மெயின் பைனரியிலயும் இப்ப வரி எண் வருது. ஏஆர்எம்64-ம் கட்டி முடிஞ்சது.

மிச்சம் பிளகின்கள். /யூஎஸ்ஆர்/லிப்/எடைவாசி/ அடைவுல .தராசு நீட்சியோட இருக்கு, மோடு 0644. இதுங்க மட்டும் ஸ்ட்ரிப் ஆகலை, டிபிஜிசிம்லயும் இல்லை. ஸ்ட்ரிப் பண்ணா டிஎல்சிம் (ஏறுன பிளகின்ல ஃபங்ஷனைப் பேர் வெச்சு எடுக்குறது) தேடுற பேர் போயிருமோன்னு பயமாவும் இருக்கு.

மேலூர்மேக்

பயம் வேணாம். ஒரு ஈஎல்எஃப்ல சிம்பல் டேபிள் ரெண்டு: .சிம்டேப், .டைன்சிம். ஸ்ட்ரிப் எடுக்குறது முதலாவதை. டிஎல்சிம் பாக்குறது ரெண்டாவதை, அதை ஸ்ட்ரிப் தொடாது. "என்எம் --டைனமிக்" போட்டு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்க, ஒண்ணா இருக்கும். பிளகின் மெயின் நிரல்ல உள்ள ஃபங்ஷனைத் திருப்பிக் கூப்பிட்டு "அன்டிஃபைன்டு சிம்பல்"னு வந்தா, மெயினை லிங்க் பண்ணும்போது -ஆர்டைனமிக் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். பழி ஸ்ட்ரிப் மேல விழும், ஆனா ஸ்ட்ரிப் இல்லாமலும் அது உடையும்.

பிளகின் தவறிப்போன காரணம் பேரும் மோடும். டிஎச்_ஸ்ட்ரிப் எதையெடுத்தாலும் திறந்து பாக்காது. பேர்ல .எஸ்ஓ இருக்கா, எக்ஸிக்யூட் பிட் இருக்கா, லிப்*.ஏ-வா, இதை வெச்சுத்தான் பொறுக்கும். உங்க கோப்புக்கு இது எதுவும் இல்லை. நீட்சியை .எஸ்ஓ-ன்னு மாத்துறதுதான் நேர்வழி. மாத்த முடியாத இடத்துல ரூல்ஸ்ல கையால செய்யணும்:

    ஆப்ஜ்காப்பி --ஒன்லி-கீப்-டீபக் மாடல்.தராசு மாடல்.டீபக்
    ஸ்ட்ரிப் --ஸ்ட்ரிப்-அன்நீடட் மாடல்.தராசு
    ஆப்ஜ்காப்பி --ஆட்-க்னு-டீபக்லிங்க்=மாடல்.டீபக் மாடல்.தராசு

வரிசை முக்கியம். மூணாவது வரி டீபக் கோப்போட சிஆர்சி32-ஐக் கணக்கிட்டுப் பிளகின்ல எழுதும். அதுக்கப்புறம் டீபக் கோப்பைச் சுருக்கினாலோ தொட்டாலோ சிஆர்சி பொருந்தாது, ஜிடிபி அந்தக் கோப்பை ஏத்துக்காது. கிராஸ் பில்ட்ல மூணு வரியிலயும் கருவிக்கு ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு முன்னொட்டு போட மறக்காதீங்க.

ஃபெடோராவுக்கும் போடுறதா இருந்தா: ஆர்பிஎம்ல (ஃபெடோராவோட பேக்கேஜ் வடிவம்) நிலைமை தலைகீழ். அங்க டீபக் பிரிக்கிற ஸ்கிரிப்ட் எக்ஸிக்யூட் பிட் உள்ள கோப்பை மட்டும்தான் எடுக்கும். டெபியன்ல .எஸ்ஓ 0644, ஆர்பிஎம்ல 0755. டெபியன் பழக்கத்துல 0644 போட்டா அங்க பிளகின் டீபக் இல்லாம நிக்கும். டீபக்சோர்ஸ்ஃபைல்ஸ் பட்டியல் காலின்னு பில்ட் நின்னா, எங்கேயோ -ஜி விட்டுப்போச்சு, இல்லைன்னா அப்ஸ்ட்ரீம் முன்னாடியே ஸ்ட்ரிப் பண்ணிட்டான். டீபக் பேக்கேஜையே அணைச்சு விடச் சொல்லி நெட்ல நிறையப் பேர் சொல்வாங்க. அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி.

ஒத்தக்கடை

ஸ்டேட்டிக் லைப்ரரியும் ஷிப் பண்றீங்களா? லிப்*.ஏ-வை வெறும் ஸ்ட்ரிப் போட்டா லிங்க் பண்றதுக்கான சிம்பலே போயிரும், அதைப் பயன்படுத்துறவங்களுக்கு "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" வரிசையா வரும். --ஸ்ட்ரிப்-டீபக் மட்டும் போதும். டிஎச்_ஸ்ட்ரிப் இதைச் சரியாச் செய்யும், கையால செய்றவங்கதான் மாட்டுவாங்க.

பேட்ச்எல்ஃப் போட்டு ரன்பாத் (ஓடும்போது லைப்ரரி தேடுற பாதை) மாத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்ச்எல்ஃப் முதல்ல, ஸ்ட்ரிப் அப்புறம்னு போனா "ஈஎல்எஃப் லோட் கமாண்ட் அட்ரஸ்/ஆஃப்செட் நாட் ப்ராப்பர்லி அலைன்டு"ன்னு லோடர் மறுக்கலாம். ஸ்ட்ரிப் பண்ணிட்டு பேட்ச்எல்ஃப் போடுங்க. அதைவிட நல்லது லிங்க் பண்ணும்போதே ரன்பாத்தைச் சரியாக் குடுத்துர்றது. செட்கேப், செக்சம், கையெழுத்து எல்லாம் ஸ்ட்ரிப்புக்குப் பின்னாடிதான். ஸ்ட்ரிப் கோப்பைத் திருப்பி எழுதுறதால முன்னாடி வெச்ச எதுவும் நிக்காது.

வைகைக்கரை

பிளகின் .எஸ்ஓ ஆயிருச்சு, டிபிஜிசிம்ல வந்திருச்சு.

பழைய வெர்ஷன் ஏஎம்டி64 பேக்கேஜ் சில ஆபீஸ் பிசியில இன்னும் ஓடுது. அதோட கோர் கோப்பு (கிராஷ் ஆன நேரத்து மெமரி நகல்) கையில இருக்கு, டிபிஜிசிம் இல்லை. அதை வாசிக்க வழி உண்டா?

திருமங்கலம்டெப்

உண்டு, நிபந்தனையோட. பில்ட் ஐடியை (பைனரியோட தனி அடையாள எண்) எழுதுறது லிங்கர். ஸ்ட்ரிப் அதை மாத்தாது. 'இன்ஸ்டால் -எஸ்' வேலை செஞ்சது லிங்க்குக்கு அப்புறம்ங்கிறதால பழைய பைனரியில ஐடி அப்படியே இருக்கு. "ரீட்எல்ஃப் --நோட்ஸ்" போட்டா 40 ஹெக்ஸ் இலக்கம். அதே சோர்ஸ், அதே ஃபிளாக், அதே ஜிசிசி, பின்யூட்டில்ஸ் வெர்ஷன் வெச்சு (பழைய பில்டோட .பில்ட்இன்ஃபோ கோப்புல வெர்ஷன் பூராம் இருக்கும்) -எஸ் மட்டும் இல்லாமக் கட்டுங்க. ஐடி ஒத்துப்போனா புது பைனரியோட சிம்பல் பழைய கோருக்குச் செல்லும்.

ஆனா பழைய பில்ட்ல -ஜி இல்லை. அதனால ஐடி ஒத்துவர முதல் சுத்துல -ஜி இல்லாமத்தான் கட்டணும், ஃபங்ஷன் பேர் மட்டும் கிடைக்கும். வரி எண் வேணும்னா -ஜி சேத்து இன்னொரு தடவை கட்டுங்க. ஐடி மாறிரும். அப்ப .டெக்ஸ்ட் செக்ஷனை மட்டும் ஆப்ஜ்காப்பியால ரெண்டுலயும் உருவி எஸ்எச்ஏ256 ஒப்பிடுங்க. ஜிசிசி-ல -ஜி மெஷின் கோடை மாத்தக்கூடாது, ஒத்துப்போகணும். .டெக்ஸ்ட் ஒண்ணு, தொடக்க முகவரியும் ஒண்ணுன்னா அட்ரஸ்2லைன்ல முகவரியைக் குடுத்து வரி எண் எடுக்கலாம். பிஐஈ (எந்த முகவரியிலயும் ஏறக்கூடிய) பைனரின்னா கோர்ல உள்ள முகவரியில லோடு ஆன அடிமுகவரியைக் கழிச்சுட்டுக் குடுக்கணும். "ஈயூ-அன்ஸ்ட்ரிப் -என் --கோர்=" போட்டா எந்த மாட்யூல் எந்த முகவரியில, எந்த ஐடியோட ஏறியிருந்துச்சுன்னு பட்டியல் வரும்.

வைகைக்கரை

.டெக்ஸ்ட் ஒத்துப்போச்சு. கிராஷ் தராசு அனுப்புற வரியை உடைக்கிற இடத்துல, நீளம் பாக்காம எஸ்டிஆர்காப்பி. அப்ஸ்ட்ரீம்ல இஷ்யூ போட்டாச்சு.

கடைசியா ஒண்ணு. இனிமே டிபிஜிசிம்மை ஒவ்வொரு ராஸ்பெரி பையிலயும் ஏத்தணுமா?

மேலூர்மேக்

வேணாம். பையில கோர் மட்டும் விழுந்தாப் போதும், சிஸ்டம்டி-கோர்டம்ப் பேக்கேஜ் போட்டு கோர்டம்ப்சிடிஎல்ல எடுத்துக்கங்க. உங்க மெஷின்ல ஒரு அடைவுல எடைவாசி, அதோட டிபிஜிசிம், பையில உள்ள அதே வெர்ஷன் ஏஆர்எம்64 லிப்சி6, லிப்சி6-டிபிஜி நாலையும் டிபிகேஜி-டெப் -எக்ஸ் போட்டுப் பிரிங்க. ஜிடிபி-மல்டிஆர்ச்சைத் திறந்து முதல்ல "செட் சிஸ்ரூட்" அந்த அடைவுக்கு, "செட் டீபக்-ஃபைல்-டைரக்டரி" அதுக்குள்ள இருக்குற யூஎஸ்ஆர்/லிப்/டீபக்குக்கு. அப்புறம்தான் "ஃபைல்", "கோர்-ஃபைல்". முதல்லயே பைனரியை ஏத்திட்டுப் பின்னாடி டைரக்டரி சொன்னா அந்தப் பைனரிக்கு மறுபடி தேடாது, ?? திரும்ப வந்து நிக்கும். லிப்சி வெர்ஷன் ஒரு புள்ளி மாறினாலும் ஸ்டாக்கோட மேல்பாதி கண்டபடி காட்டும், அதனால பையில டிபிகேஜி -எல் எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க.